குடும்பிமலையில் ஐந்து வோட்

கல்லடிக் கடற்கரையில் நின்றுகொண்டு களுவாஞ்சிக்குடியில் இருக்கும் சேரை மூன்று தரம் கூப்பிட்டேன். இரைச்சலைத் தவிர வேறொன்றும் வரவில்லை. சேர் என் பழைய விஞ்ஞான ஆசிரியர். எனக்கு ஹாம் வானொலியைப் பழக்கியவரும் அவர்தான். அந்த நேரம் அவர் தன் வீட்டில் கருவியைப் போட்டுவைத்துக் காத்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் இடையே 25 கிலோமீற்றர் அளவில் தூரம். என் கையில் இருந்தது ஐந்து வோட் வாக்கிடோக்கி.

"அம்மா, பெரிய மிசின் வாங்கினா கேக்குமா?" என்றான் மகன். தரம் ஆறில் படிக்கிறான்.

"கேக்காது மகன். இதைவிடப் பத்து மடங்கு பெரிசு வாங்கினாலும் கேக்காது."

"அப்ப என்ன செய்யிற?"

"மலை ஏறணும்."

அவன் நம்பவில்லை. கடலும் வாவியும் வயலுமாகக் கிடக்கிற எங்கள் மட்டக்களப்பில் மலை என்பதே பாதிக் கற்பனை. அவனுக்குச் சொன்ன விளக்கத்தைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். வானொலிக் கருவியைத் தோளில் சுமந்து, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு மலை உச்சிக்குப் போய்ப் பேசுகிற பழக்கம் உலகத்தின் பல பக்கங்களில் இருக்கிறது. அது ஏன், எப்படி என்பதை ஒன்றும் தெரியாதவருக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், ஹாம் வானொலி என்றால் என்ன? பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரம் எடுத்த சாதாரண ஆட்கள், காசு உழைக்கும் நோக்கம் இல்லாமல், தங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட மீடிறன்களில், அதாவது அதிர்வெண்களில், ஒருவரோடு ஒருவர் கதைப்பது. ஆசிரியர், மெக்கானிக், தாதி, விவசாயி என்று யாரும் இதில் இருக்கலாம். இலங்கையில் அனுமதிப்பத்திரம் கொடுப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அனுமதி இல்லாமல் ஒலிபரப்பும் கருவியைப் பாவிப்பது குற்றம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு வாக்கிடோக்கியை வாங்கி அமுக்கிப் பார்க்க வேண்டாம். அனுமதி கிடைத்தவருக்கு ஓர் அழைப்புக் குறி கொடுப்பார்கள். இலங்கையின் குறிகள் 4எஸ் என்று தொடங்கும். வானலையில் உங்கள் பெயரை விட அதுதான் உங்கள் அடையாளம்.

இனி, ஐந்து வோட் ஏன் களுவாஞ்சிக்குடிக்குப் போகவில்லை என்ற கேள்விக்கு வருவோம்.

வாக்கிடோக்கி பேசுவது 145 மெகாஹேட்ஸ் மீடிறனுக்குப் பக்கத்தில். அந்த அலை ஏறக்குறைய வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். பூமியோ உருண்டை. கடற்கரையில் நின்று பார்க்கிறீர்கள், தோணி தூரப் போகப் போக முதலில் அதன் உடல் மறைகிறது, கடைசியில் பாய்மரத்து நுனி மறைகிறது. தோணி சின்னதாகிப் போனதால் மட்டும் அது மறையவில்லை. பூமியின் வளைவு நடுவே எழும்பி நிற்கிறது. அலைக்கும் அதே கதைதான். அடிவானத்துக்கு அங்கால் இருப்பவருக்கு அது தலைக்கு மேலாலே போய்விடும்.

அடிவானம் எத்தனை தூரம் என்று கணக்குப் பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. உங்கள் அன்ரனா தரையிலிருந்து எத்தனை மீற்றர் உயரம் என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்குங்கள். வருவது கிலோமீற்றர். இரண்டு பேர் கதைப்பதானால் இருவருடைய தூரத்தையும் கூட்ட வேண்டும்.

முகத்துவாரம் வெளிச்சவீட்டை வைத்து மகனுக்கு இதைச் செய்து காட்டினேன். 1913 இல் கட்டியது, 28 மீற்றர் உயரம். 28 இன் வர்க்கமூலம் 5.29. அதை 4.12 ஆல் பெருக்க, 22 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைய வரும். வெளிச்சவீட்டு உச்சியில் ஒரு வாக்கிடோக்கியைப் பிடித்தால் அதன் அடிவானம் அவ்வளவு தூரம். நூல் பிடித்தது போல முற்றிலும் நேர்கோட்டில் போகும் ஒன்றுக்கு 4.12 க்குப் பதிலாக 3.57 ஆல் பெருக்க வேண்டும், 19 கிலோமீற்றர்தான் வரும். அந்த மூன்று கிலோமீற்றர் எங்கிருந்து வந்தது? தரைக்குக் கிட்டக் காற்று அடர்த்தி, மேலே போகப் போக ஐதாகும். அந்த வித்தியாசம் வானொலி அலையைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைக்கிறது. பூமியின் வளைவை அது முழுக்க ஈடுசெய்யாது, சற்றுத் தொடர்ந்து போகும், அவ்வளவே.

இப்போது கல்லடிக் கணக்கு. தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தால் என் அன்ரனா 2 மீற்றர் உயரத்தில் இருக்கும். அடிவானம் 6 கிலோமீற்றருக்குள். சேரின் வீட்டுக் கூரைக் கம்பம் 9 மீற்றர், அவருடைய அடிவானம் 12 கிலோமீற்றர் சொச்சம். இரண்டையும் கூட்ட 18. தேவையோ 25. ஏழு கிலோமீற்றர் குறைகிறது. நடுவே தென்னந்தோப்பும் வீடுகளும் குடிக்கிற அலையை நான் இன்னும் கழிக்கவே இல்லை.

"அப்ப வோட்டைக் கூட்டினா?" என்று அவன் விடவில்லை. நியாயமான கேள்வி. ஐந்து வோட்டை இருபது வோட் ஆக்கினால், கேட்பவரின் கருவியில் உள்ள சமிக்ஞை மானி ஒரே ஒரு புள்ளி மேலே போகும். நான்கு மடங்கு வலுவுக்கு ஒரு புள்ளி. பற்றரி மட்டும் நான்கு மடங்கு வேகமாகத் தீர்ந்துபோகும். அடிவானத்துக்குக் கீழே இருப்பவரை எட்ட அது பெரிதாக உதவாது. ஒரு மதிலுக்குப் பின்னால் நிற்பவருக்குக் கைவிளக்கைக் காட்டுவதானால், பெரிய கைவிளக்கு வாங்குவதை விட மதிலில் ஏறுவது நல்லது.

500 மீற்றர் உயரத்தில் நின்றால்? வர்க்கமூலம் 22.36. பெருக்கினால் 92 கிலோமீற்றர். சேருடைய 12 ஐயும் சேர்த்தால் 104. அதே வாக்கிடோக்கி, அதே ஐந்து வோட்.

எண்ணைப் பார்த்ததும் மகன் கேட்டது: "எங்கட பக்கத்தில ஐந்நூறு மீற்றர் எங்க இருக்கு?"

கிரானிலிருந்து மேற்கே காட்டுக்குள் இருக்கிறது குடும்பிமலை. சமதரையிலிருந்து திடீரென எழும்பி நிற்கிற பாறை, கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றருக்கு மேல். தூரத்திலிருந்து பார்க்க முடிந்துகட்டிய குடும்பி மாதிரியே தெரியும். சிங்களத்தில் தொப்பிகல என்கிறார்கள், ஆங்கிலேயர் பாரன்ஸ் காப் என்று வரைபடத்தில் எழுதினார்கள். பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது ஒரு தலையாகவே பட்டிருக்கிறது.

மலையிலிருந்து பேசுவதற்கு உலகளாவிய ஓர் ஒழுங்கு இருக்கிறது. 2002 மார்ச் 2 ஆம் திகதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொடங்கியது. ஜோன் லின்ஃபோர்ட் என்ற ஹாம் முன்வைத்த யோசனை. சோட்டா என்று சுருக்கமாகச் சொல்வார்கள், 'வானலையில் சிகரங்கள்' என்று பொருள் கொள்ளலாம். இதில் இரண்டு தரப்பு. ஒருவர் மலை ஏறி அங்கிருந்து கூப்பிடுவார். மற்றவர்கள் வீட்டிலோ வேறொரு மலையிலோ இருந்து அவரைத் தேடிப் பிடிப்பார்கள். கள்ளன் பொலிஸ் விளையாட்டுத்தான், ஆனால் இதில் கள்ளனும் தான் பிடிபடவேண்டும் என்றே ஆசைப்படுகிறான். இரண்டு பேருக்கும் புள்ளி உண்டு, மலையின் உயரத்தைப் பொறுத்து 1 இலிருந்து 10 வரை. ஏறியவருக்குப் புள்ளி விழ ஆகக் குறைந்தது நான்கு வெவ்வேறு ஆட்களோடு கதைத்திருக்க வேண்டும். ஏறி ஏறி ஆயிரம் புள்ளி சேர்த்தவரை 'மலையாடு' என்று அழைக்கிறார்கள். மகனுக்கு இந்தப் பட்டம் மிகவும் பிடித்துப்போனது.

விதிகளில் இரண்டை மட்டும் நின்று விளக்க வேண்டும், ஏனென்றால் புத்தகத்தில் வாசித்தால் தலை சுற்றும். வெள்ளம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அவை சுலபம்.

எந்த மேட்டையும் சிகரம் என்று எண்ண மாட்டார்கள். அது தனித்து எழும்பி நிற்க வேண்டும், 150 மீற்றராவது. தனித்து என்றால் எப்படி? மார்கழி வெள்ளம் ஏறுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். வயல் மூடி, வீடு மூடி, இலங்கை முழுவதும் நீர்மட்டம் உயர்ந்துகொண்டே போகிறது. ஒரு கட்டத்தில், உங்கள் மலையையும் அதைவிட உயரமான அடுத்த நிலத்தையும் இணைத்திருந்த கடைசி வரம்பும் முழுகிவிடும். அந்த நிமிடம் உங்கள் மலை ஒரு தீவு. அந்த நீர்மட்டத்துக்கு மேலே மலை எத்தனை மீற்றர் நிற்கிறதோ அதுதான் அதன் தனித்தெழும் உயரம். நுவரெலியாப் பக்கம் கடல்மட்டத்திலிருந்து 1,900 மீற்றரில் இருக்கிற ஒரு மேடு இந்தக் கணக்கில் தோற்றுப்போகலாம், பக்கத்திலேயே அதைவிடப் பெரியது தோளோடு தோளாக ஒட்டிக்கொண்டு நிற்பதால். சமதரையில் ஒற்றையாக நிற்கிற எங்கள் கீழ்க்கரைப் பாறைகளுக்கு இந்த விதி சாதகம்.

இரண்டாவது, உச்சி என்பது எந்த இடம்? மறுபடியும் அதே வெள்ளம். உச்சிக்கு 25 மீற்றர் கீழ் வரைக்கும் நீர் வந்து நின்றால் மிஞ்சியிருக்கும் சின்னத் தீவு எதுவோ, அதற்குள் எங்கே இருந்தும் கதைக்கலாம். ஒற்றைக் காலில் நுனிப்பாறையில் நிற்கத் தேவையில்லை. பிள்ளையைக் கொண்டுபோகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல், நிழலும் தட்டையான இடமும் பார்த்து உட்காரலாம்.

மற்றவை சுருக்கமானவை. மலையின் கடைசிப் பகுதியை வாகனத்தில் ஏறக்கூடாது. கருவியைச் சுமந்துகொண்டே போகவேண்டும். ஜெனரேற்றர் கூடாது, பற்றரியும் சூரியத் தகடும் சரி. ரிப்பீட்டர் வழியாகக் கதைத்தால் எண்ணமாட்டார்கள், ஏனென்றால் ரிப்பீட்டர் என்பது வேறொருவர் உயரமான இடத்தில் ஏற்கெனவே பூட்டிவைத்த கருவி, அது உங்கள் குரலை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. ஏறியது அதுதான், நீங்கள் இல்லை. புள்ளி வேண்டுபவர்கள் தாங்கள் போகும் மலை சோட்டாவின் பட்டியலில் இருக்கிறதா என்று புறப்படும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் புள்ளிக்காகப் போகவில்லை. நான்கு பேர் என்ற அளவை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மகனுக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. அதனால் வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறேன்: பேசுவது நான், கேட்பதும் எழுதுவதும் அவன். இதைக் குறைந்த வேலை என்று யாரும் நினைக்கவேண்டாம். இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் அழைப்புக் குறியை முழுதாகப் பிடிப்பது பெரியவர்களுக்கே திணறல். 'பி', 'டி', 'ஈ', 'ஜி' எல்லாம் ஒரே மாதிரிக் கேட்கும். தமிழ்க் காதுக்கு இன்னும் சிரமம், எங்கள் எழுத்தில் 'ப' ஒன்றே இரண்டு ஒலிக்கும் பொறுப்பாக இருக்கிறது. அதனால்தான் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு முழுச்சொல்: அல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கென்று 1956 இல் நடைமுறைக்கு வந்த அட்டவணை, ஹாம்களும் அதையே பாவிக்கிறார்கள். ஒரு மாதம் நாங்கள் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கடைகளின் ஆங்கிலப் பெயர்ப்பலகைகளை இப்படி வாசித்தோம். 'பட்டி' என்ற சொல்லை அவன் "பிராவோ அல்ஃபா டாங்கோ டாங்கோ இந்தியா" என்று மூச்சுவிடாமல் சொல்வான். 4எஸ் என்பது "ஃபோர் சியரா".

குறிப்புப் புத்தகத்தில் நான்கு நிரல்: நேரம், மீடிறன், மற்றவரின் அழைப்புக் குறி, சமிக்ஞை எப்படி. நேரத்தை எங்கள் மணிக்கூட்டுப்படி எழுதுவதில்லை. உலகம் முழுவதுக்கும் பொதுவான யூடிசி நேரம். எங்கள் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலத்தைக் கழிக்க வேண்டும். காலை 8.10 என்றால் 2.40. சமிக்ஞைக்கு இரண்டு எண். முதல் எண் பேச்சு எவ்வளவு விளங்குகிறது, ஒன்றிலிருந்து ஐந்து. அடுத்தது எவ்வளவு பலம், ஒன்றிலிருந்து ஒன்பது. "ஃபைவ் நைன்" என்றால் பக்கத்தில் இருந்து கதைப்பது போல.

பைக்குள் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். வாக்கிடோக்கி. ஐந்து வோட் குறுஅலைக் கருவி ஒன்று, சேர் இரவல் தந்தது. லித்தியம் பற்றரி. மோட்டார் சைக்கிள் கடையில் கிடைக்கிற ஈயப் பற்றரியும் வேலை செய்யும், ஆனால் அதே அளவு மின்னுக்கு இரண்டு மூன்று மடங்கு பாரம், பிள்ளை தண்ணீர் கேட்டு அழும் நேரத்தில் அந்தப் பாரம் தெரியும். இருபது மீற்றர் வயர். ஆறு மீற்றருக்கு நீளுகிற தூண்டில் தடி. மூன்று போத்தல் தண்ணீர் அவனுக்கு, நான்கு எனக்கு. கட்டுச்சோறு, எள்ளுருண்டை, தொப்பி, பந்துபோல் சுற்றிய நைலோன் கயிறு.

வயரும் தூண்டில் தடியும் எதற்கு என்று சொல்லவேண்டும். அதுதான் இரண்டாவது அன்ரனா, குறுஅலைக் கருவிக்கு. அலைநீளம் தெரிய 300 ஐ மெகாஹேட்ஸால் வகுக்க வேண்டும். அன்ரனா பெரும்பாலும் அதில் பாதி நீளம். வயரின் முனைகளில் நடக்கும் விளைவுகளுக்காகக் கொஞ்சம் குறைத்து, 150 க்குப் பதிலாக 143 ஐ மெகாஹேட்ஸால் வகுத்தால் சரியாக வரும். 7.1 மெகாஹேட்ஸுக்கு 20 மீற்றர். நடுவில் வெட்டி இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீற்றர். தூண்டில் தடியின் நுனியில் நடுவைக் கட்டி, இரண்டு முனைகளையும் கூரை மாதிரிச் சரிய இழுத்துக் கட்டினால் முடிந்தது. மீன் பிடிக்கிற தடியில் அன்ரனா கட்டுவது எங்கள் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை, மலை ஏறுகிற ஹாம்கள் எல்லா நாட்டிலும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அவன் அதை மட்டக்களப்பு மூளை என்றே நினைத்துப் பெருமைப்பட்டான், நானும் மறுக்கவில்லை. ஒலிபரப்பும்போது வயரைத் தொடக்கூடாது என்பதை மட்டும் பத்துத் தரம் சொன்னேன்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை போனோம். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, கச்சான் காற்று தொடங்காத காலம். இரண்டுக்கும் இடையில் கிடைக்கிற இந்த இடைவெளிதான் எங்கள் பக்கத்து மலைகளுக்கு நல்லது. ஆனியிலும் ஆடியிலும் கச்சான் அடிக்கும்போது பாறை அடுப்புக்கல் மாதிரிக் கொதிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பின்நேரத்து இடி. உச்சியில் ஒரு தடியை நட்டுக்கொண்டு நிற்பவருக்கு இடியை விட ஆபத்தானது எதுவுமில்லை. மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள், மூன்று செக்கன் ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் கேட்டால் மறுபேச்சில்லாமல் அன்ரனாவை இறக்கிவிட்டுக் கீழே வாருங்கள்.

இன்னொன்று. அது 2007 வரை போர் நடந்த காடு. மட்டக்களப்பு மாவட்டம் மிதிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்டது 2017 இல். அந்த நாட்களில் ஒரு வயர்த்துண்டும் பற்றரியும் வீட்டில் இருந்தாலே பதில் சொல்லவேண்டியிருந்ததை என் வயதுக்காரர்கள் மறக்கவில்லை. அதனால் முதலில் கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் சொன்னேன், அனுமதிப்பத்திரத்தின் பிரதியைப் பையில் வைத்தேன், காட்டுப்பாதை தெரிந்த ஊரவர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டேன். யானை நடமாட்டம் எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். பிள்ளையோடு போகிறவர்கள் இதில் எதையும் விட்டுவிட வேண்டாம்.

ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மகன் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டான். ஓரிடத்தில் பாறைச் சரிவைப் பார்த்து நான்தான் தயங்கினேன், அவன் கை தந்தான்.

மேலே போனதும் மற்றதெல்லாம் மறந்து வாக்கிடோக்கியை எடுத்தேன். சேரின் அழைப்புக் குறியைச் சொல்லி என் குறியைச் சொல்லி முடிக்கவில்லை.

"கேக்குது மகள், வடிவாக் கேக்குது. ஃபைவ் நைன். எங்க நிக்கிறீங்க?"

கல்லடியிலிருந்து எட்டாத அதே வீடு. இப்போது நாங்கள் நின்றது அந்தத் தூரத்தின் இரண்டு மடங்குக்கும் மேலே, 50 கிலோமீற்றருக்கு அப்பால். மகன் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தான். காடு, அதற்கப்பால் வயல், கடைசியில் வெளிறிப்போன ஒரு கோடு. "அந்தக் கோட்டுக்குள்ளதான் சேர் இருக்கிறாரா?" என்று கேட்டான். ஓம், தெரிகிற வட்டத்துக்குள் இருக்கிறார், அதனால்தான் கேட்கிறது என்றேன். கணக்கில் சொன்னபோது தலையாட்டியவன் அப்போதுதான் உண்மையில் விளங்கிக்கொண்டான் என்று அவன் முகத்தில் கண்டேன்.

முதல் ஆள் ஆயிற்று. மிச்ச மூன்று பேருக்குக் குறுஅலை. எங்கள் பக்கத்தில் 145 மெகாஹேட்ஸில் நான்கு பேரைக் காத்திருந்து பிடிப்பதை விட இது நடக்கக்கூடிய காரியம். இந்த அலைகள் போகிற வழியே வேறு. 7 மெகாஹேட்ஸ் அலையை மேல்நோக்கி அனுப்பினால், நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உயரத்தில் சூரியனால் மின்னேற்றப்பட்ட காற்றுப் படலம் அதைக் கீழே திருப்பி அனுப்பும். முன்பு இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீடுகளில் இலண்டனிலிருந்து தமிழோசை கேட்டது இந்தப் படலத்தின் தயவால்தான். அடிவானத்தைத் தாண்ட அலை வளையவேண்டியதில்லை, வானத்தில் பட்டுத் திரும்புகிறது.

"அப்படியெண்டா இதுக்கு மலை தேவையில்லையே அம்மா. வீட்டு முத்தத்தில இருந்தே செய்யலாமே?"

சரியாகப் பிடித்துவிட்டான். உயரக் கணக்கு குறுஅலைக்கு அவ்வளவு பொருந்தாது. ஆனால் மலைக்கு வேறொரு பலம் இருக்கிறது, அது அமைதி. வீட்டில் எல்ஈடி பல்ப், போன் சார்ஜர், தொலைக்காட்சி, பக்கத்து வீட்டு நீர்ப்பம்பி எல்லாம் குறுஅலையில் ஓயாமல் கிறுகிறுக்கின்றன. எங்கள் வீட்டில் யாரும் பேசாத நேரத்திலும் சமிக்ஞை மானி ஏழில் நிற்கும். அந்த ஏழுக்குக் கீழே மெலிந்து வருகிற குரல் எதுவும் எனக்குக் கேட்காது. மலையில் மானியின் முள் 1 க்குப் பக்கத்தில் படுத்திருந்தது. கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்கப் போகிறவர்கள் பூரணை இரவில் தோணியை நிறுத்தி, மூச்சையும் அடக்கி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் விட்டு மறுநுனியைக் காதில் வைக்கிறார்களே, அப்படித்தான். அந்த ஒலி எப்போதும் அங்கே இருந்திருக்கலாம். எஞ்சின் ஓடும் தோணியில் இருப்பவருக்குக் கேட்காது.

"சிக்யூ, சிக்யூ" என்று கூப்பிட்டேன். யாராவது இருக்கிறீர்களா என்பதற்கு ஹாம்கள் சொல்கிற சொல். மோர்ஸில் டா டி டா டி, டா டா டி டா. மூன்றாவது தரம் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் வந்தார். தமிழிலேயே கதைத்தார், மகனும் பக்கத்தில் இருக்கிறான் என்றதும் அவனுக்குத் தனியாக வாழ்த்துச் சொன்னார். அடுத்து கேரளத்திலிருந்து ஒருவர். நேரம் 8.50, அவன் 3.20 என்று எழுதினான்.

பிறகு நாற்பது நிமிடம் எவரும் இல்லை. வெயில் ஏறியது. பகல் ஏற ஏற மின்னேற்றப் படலங்களில் கீழே உள்ள ஒன்று தடித்து, குறுஅலையின் தாழ்ந்த மீடிறன்களை உறிஞ்சத் தொடங்கும். 7 மெகாஹேட்ஸுக்கு மத்தியானம் மந்தமான நேரம். கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். எங்களோடு வந்தவர் ஒரு பாறை நிழலில் கண்ணயர்ந்தார். நான் இறங்கலாமா என்று யோசித்த நேரம் மகன் கையைத் தூக்கினான், காதொலிக் கருவியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு. "ஃபோர்... ஃபோர் சியரா..." மிச்சம் அவனுக்குப் பிடிபடவில்லை. எனக்கு எதுவுமே கேட்கவில்லை. இளங்காதுக்கும் முதிர்ந்த காதுக்கும் உள்ள வித்தியாசம் அது. அவன் சொன்னதை நம்பிக் கூப்பிட்டேன். மலையகத்திலிருந்து ஓர் இலங்கை நிலையம், மிக மெல்லிசாக. இரண்டாம் தரம் முழுக் குறியும் வந்தது. நாலாவது ஆள்.

இதை ஏன் இவ்வளவு பாடுபட்டுப் பழக்குகிறேன் என்றால், அதற்குக் காரணம் இந்தக் கரை. 1978 நவம்பர் 23 சூறாவளியில் மட்டக்களப்பு வெளியுலகத்திலிருந்து அறுபட்டுக் கிடந்ததை அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். 2004 டிசம்பர் 26 இல் நாவலடியிலும் கல்முனையிலும் மருதமுனையிலும் கடல் ஏறியபோது நானே பார்த்தேன், கையில் போன் இருந்தும் ஒருவரையும் பிடிக்க முடியவில்லை. அந்த நாட்களில் தெற்கே ஹம்பாந்தோட்டைக்கு இலங்கை ஹாம்கள் சிலர் கருவிகளோடு போய்க் கொழும்போடு குறுஅலைத் தொடர்பு ஏற்படுத்தினார்கள். அந்தமானில் போர்ட் பிளேயரில், வேறொரு ஹாம் பயணத்துக்காக ஏற்கெனவே போயிருந்த பாரதி பிரசாத் என்ற பெண், எல்லாத் தொடர்பும் அறுந்த தீவுகளின் செய்தியை வெளியே அனுப்பினார். வயரும் பற்றரியும், அவற்றை எப்படிக் கட்டுவது என்று தெரிந்த ஒரு ஆளும் இருந்தால் போதும். அந்த ஆள் அவசரம் வந்த அன்றைக்குப் பழகத் தொடங்க முடியாது. வெயிலில், களைப்பில், தட்டையில்லாத இடத்தில் அன்ரனா கட்டிப் பழகுவதற்கு மலையை விட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

தொடங்க விரும்புகிறவர்கள் உடனே குடும்பிமலைக்குப் போகவேண்டாம். முதலில் பரீட்சைக்குப் படியுங்கள். படிக்கிற காலத்திலேயே ஒரு குறுஅலை வானொலியை வாங்கி, விடியற்காலை 7 மெகாஹேட்ஸில் கேட்டுப் பாருங்கள், தமிழ்க் குரல்கள் வரும். அனுமதி கிடைத்ததும் தாந்தாமலைப் பாறை மாதிரி ஒரு சின்ன உயரத்தில் பழகுங்கள். 25 மீற்றர் உயரம் ஏறினாலே அடிவானம் 20 கிலோமீற்றருக்குப் போய்விடும். அம்பாறைப் பக்கத்தவர்களுக்கு உகந்தையில் பாறைகள் இருக்கின்றன, கோயில் இடம் என்பதால் கேட்டு, மரியாதையோடு ஏறவேண்டும்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து மகன் நித்திரை கொள்ளவில்லை. கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். கல்லடிக் கடற்கரைக்கு 6, மொத்தம் தேவை 25. மிச்சம் 19 ஐ 4.12 ஆல் வகுத்து, வந்ததைத் தன்னோடு தானே பெருக்கியிருந்தான். 21 சொச்சம். என் போனை வாங்கிச் சேருக்குச் செய்தி அனுப்பினான்: "சேர், உங்கட வளவில நிக்கிற பெரிய தென்னை எத்தனை மீற்றர்?"

காலையில் பதில் வந்திருந்தது. வெயில் வரட்டும் மகன், நிழலை அளந்து சொல்றன்.